அண்ணை அனுப்பிய நான்கு நூல்கள்

1

சுமதி, ரவி, இதை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் சுகமாக வாசிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் என் ஆங்கிலம் சாவி, குழாய், மின்குமிழ் வரைக்கும்தான் போகும். ஒரு மனிதன் செய்த பிழையைச் சொல்ல அது காணாது. சுமதி சனிக்கிழமை வகுப்பில் படிக்கும் தமிழை வைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும், ரவிக்கும் சொல்லட்டும். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். அவளுக்கும் இது புதுக் கதைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சுமதி பள்ளிக்கூட வேலை ஒன்றுக்கு ஊசி தேடினாள். அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய பிஸ்கற் தகரத்தைத் திறந்தாள். ஊசி இல்லை. ஒரு உறையும், அதற்குள் முடிச்சு முடிச்சாக நான்கு துண்டு வலை நூலும்தான் இருந்தன.

"அப்பா, இதென்ன? மீன் பிடிக்கிற நூலோ?"

"வை பிள்ளை அதை!"

"ஏன் கத்துறீங்கள்? நூல்தானே."

பெரியப்பா வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துப் போட்ட முடிச்சு அது என்று சொன்னேன். அவள் விடவில்லை. நட்சத்திரம் ஆராய்கிற பேராசிரியர் அவளுக்கு ஞாபகம் வந்தார்.

"அப்ப ஏன் ஸ்டார் அங்கிளிட்டைக் குடுக்கேல்லை?"

"மறந்து போனன்."

சுமதி, நான் மறக்கவில்லை. ஏழு வருடமாக ஒரு நாளும் மறக்கவில்லை. பொறாமையால் ஒளித்து வைத்தேன். என்னைப் படிக்கவைத்த என் சொந்த அண்ணை மேல் பொறாமை.

2

வல்வெட்டித்துறையில் எங்கள் வளவு முடிகிற இடத்தில் கடல் தொடங்கும். எங்கள் ஆட்களில் பத்து வயதுப் பெடியன் வள்ளத்தில் ஏறாவிட்டால் வீட்டில் ஏதோ குறை என்று நினைப்பார்கள். நானும் ஏறினேன். கரை மறைய முன்னமே சத்தி எடுத்தேன். அண்ணை மூன்று தரம் கொண்டுபோனார். மூன்று தரமும் அதே கதைதான்.

"உவன் மீன் பிடிக்க வாறேல்லை. மீனுக்குச் சாப்பாடு போட வாறான்," என்று வள்ளத்தில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் அப்பா கண்ணை மூடிய பிறகு குடும்பம் அவர் தோளில் இருந்தது.

"நீ எழுத்தைப் படி தம்பி. கடலை நான் பாக்கிறன்," என்றார்.

பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அந்தச் சொல்லில் கேலி எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு அது இன்றைக்கும் சுடுகிறது. ஏனென்றால் கடலை அவர் எடுத்துக்கொண்டபோது வானத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

பொழுது படும் நேரத்தில் அண்ணை கரையில் வள்ளத்தோடு சாய்ந்து நின்று வானம் பார்ப்பார். அது அவருக்குப் பல் விளக்குவது போல ஒரு பழக்கம். சோதி, கேட்டை, திருவோணம் என்று ஒவ்வொன்றும் வரவர, "அந்தா" என்பார். வடகிழக்கில் சிலுவை போலச் சரிந்து எழும் ஒரு கூட்டத்துக்கு எங்கள் வீட்டில் பாய்மரம் என்று பெயர். அதன் உச்சியில் ஒரு பெரிய நட்சத்திரம். அவர் காட்டினால் எனக்கும் தெரியும். காட்ட முன்னம் தெரியாது. அவருக்கு முதல் நான் "அந்தா" என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் கண் வலிக்க நின்றிருக்கிறேன். ஒரு நாளும் முடியவில்லை.

நான் எழுத்தைப் படித்தேன். 1956இல் எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வருடம் வந்த, சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டத்தோடு, தமிழில் படித்தவனுக்கு அரசாங்க உத்தியோகம் என்ற கதை மெலிந்து போனது. பத்து வருடம் கடைக் கணக்கப்பிள்ளையாக இருந்துவிட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் வேலை என்று ஊருக்கு எழுதினேன். பொய் இல்லை. கட்டடத்தின் சாவிக்கொத்து என்னிடம்தான் இருக்கிறது. ஊரில் அதைக் கேட்டவர்கள் நான் படிப்பிக்கிறேன் என்று நினைத்தார்கள். நான் திருத்தப் போகவில்லை.

3

நீங்கள் ஸ்டார் அங்கிள் என்று கூப்பிட்ட பேராசிரியர் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார். திடீரென்று வெடித்து ஒளிரும் நட்சத்திரங்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு நாள் பின்னேரம் நான் யன்னல்களைச் சாத்திக்கொண்டு வர, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உடனே உலக உருண்டையை எடுத்துச் சுழற்றினார்.

"பழைய ஏடுகளில் 'புது நட்சத்திரம் கண்டோம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவு பிரகாசம் என்று எழுதவில்லை. அந்த ஊர் வானத்தில், அந்தி வெளிச்சத்தில், மனிதக் கண்ணுக்கு எது எப்போது தெரியும் என்று எனக்குத் தெரிந்தால், அதை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். உங்கள் கரையில் ஒவ்வொரு நாளும் அந்தியில் வானம் பார்க்கிறவர்கள் யாராவது உண்டா?"

"நானே பார்த்து வளர்ந்தவன்தான், சேர்," என்றேன்.

இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் என்னிடம் சாவி கேட்காமல் வேறு ஒன்று கேட்டது அதுதான் முதல் தரம். அதை அண்ணைக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

அண்ணைக்குக் கடிதம் போட்டேன். கோயிலில் அந்திப் பூசை மணி கேட்டதிலிருந்து எவ்வளவு நேரத்தில் எந்த நட்சத்திரம் தெரிகிறது என்று இரண்டு மாதம் பார்த்து எழுதி அனுப்பினார். அவருடைய கைக்கடிகாரம் உப்புத் தண்ணீர் குடித்து எப்போதோ நின்றுவிட்டது. மணிக்குப் பிறகு எத்தனை நிமிடம் என்பது அவருடைய மனக்கணக்கு. நான் அதை ஆங்கிலத்தில் கட்டம் போட்டு, அழகாக எழுதி, ஊரில் நான் முந்திப் பார்த்து எழுதி வைத்ததை எடுப்பித்தேன் என்று சொல்லி, அடியில் என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன்.

பேராசிரியர் ஒரு கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேனே, அந்தக் கடதாசி அதுதான். உங்களுக்கு நினைவு தெரிந்த நாள் தொட்டு அதுதான் அப்பாவின் பெருமை என்று நினைத்திருப்பீர்கள்.

4

கட்டுரை வந்த சில மாதத்தில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார்.

"இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உங்கள் ஊரில் எல்லா நட்சத்திரமும் பத்து நிமிடம் முந்தி வருகிறதே. வெள்ளிக்கிழமை என்றால் நட்சத்திரங்களுக்கு என்ன அவசரம்?"

அன்றைக்குத்தான், பார்த்தது நான் இல்லை, என் அண்ணை என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கண் பளபளக்க, "அப்படியென்றால் அவரைக் கேளுங்கள்," என்றார்.

அண்ணையின் பதில் இப்படி வந்தது:

"தம்பி, வெள்ளிக்கிழமையிலை கோயிலிலை சனம் கூட. ஐயர் பிந்தித்தான் பூசை செய்யிறவர். அதுகள் முந்தி வாறேல்லை, மணிதான் பிந்தி அடிக்குது. நானும் அதை யோசிக்கேல்லை, என்ரை பிழை. துரைக்கு மணிக்கூடு வேண்டாமெண்டு சொல்லு. எது முதல் வந்தது, எது பிறகு வந்தது, அது காணும். ஒரு நூலிலை ஒவ்வொண்டுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்பிறன். எழுதக் குனிஞ்சால் கண் விளக்கு வெளிச்சத்துக்குப் போயிடும். முடிச்சுப் போடக் கண் தேவையில்லை."

அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது பேராசிரியர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். பிரகாசம் கூடியது முன்னம் தெரியும், குறைந்தது பின்னம் தெரியும். ஆக வரிசைதான் பிரகாசம். அதற்கு மணிக்கூடு தேவையில்லை. "என் கேள்வியை என்னைவிட நன்றாக விளங்கியிருக்கிறார்," என்றார்.

பிறகு மாதம் ஒரு உறை வரும். ஒன்பது நட்சத்திரம், ஒன்பது முடிச்சு. முகில் மூடினால் அந்த இடத்தில் வெறும் நூல். இங்கே தபாலில் சில உறைகளை உடைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே இருப்பது நூல்" என்று சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். பேராசிரியர் அந்தச் சீட்டையும் கவனமாகச் சேர்த்து வைப்பார். அடுத்த கட்டுரையில் நன்றி அண்ணையின் பெயருக்குப் போனது. அதை நான் சட்டம் போடவில்லை. உங்களுக்குக் காட்டவும் இல்லை.

ஒரு நாள் பேராசிரியர் எங்கள் வீட்டுக்குத் தோசை சாப்பிட வந்தார். சுமதிக்கு அப்போது ஏழு வயது. "வல்வெட்டித்துறையில் இருக்கிற என் சக ஆய்வாளர் எப்படி இருக்கிறார்?" என்று என்னைக் கேட்டார். சுமதி, நீ அம்மாவிடம், "பெரியப்பா சயன்ரிஸ்றோ அம்மா?" என்று கேட்டாய். அம்மா சிரித்துக்கொண்டு "ஓம்" என்றாள். "அப்ப அப்பா?"

அம்மா தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டு, "அப்பா அவருக்குக் கடிதம் எழுதிறவர்," என்றாள்.

அவள் அதை ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினேன். ஆறாயிரம் மைல் தள்ளி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நிற்கிற மனிதன் என் மேசையில் என் கதிரையில் வந்து இருந்தது போல இருந்தது.

5

1975 ஆவணியில், ஒரு சனிக்கிழமை இரவு, பேராசிரியர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து கதவைத் தட்டினார். எங்களைப் பின்வளவுக்கு இழுத்துப் போனார். ஊரில் நாங்கள் பாய்மரம் என்று சொன்னது இங்கே அந்தக் காலத்தில் தலைக்கு நேர் மேலே நிற்கும். உச்சி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. இருக்கக் கூடாத இடத்தில், வெட்கமில்லாமல் மினுங்கியது.

"இது புதிதாகப் பிறந்தது இல்லை," என்று உங்களுக்குச் சொன்னார். "வயது போன சின்ன நட்சத்திரம். பக்கத்தில் இருக்கிற நட்சத்திரத்திடமிருந்து வாயுவை இழுத்து இழுத்துத் தன் மேல் சேர்க்கும். ஒரு நாள் தாங்காமல் வெடித்துப் பிரகாசிக்கும். சுப்பர்நோவா என்றால் அந்த நட்சத்திரமே முடிந்தது. இது நோவா. வெடித்த பிறகும் இருக்கும், திரும்பவும் இழுக்கத் தொடங்கும்."

ரவி என் தோளில் நித்திரை. சுமதிதான் கேட்டாள். "நேற்றும் இருந்ததோ?"

"இருந்திருக்க வேண்டும். நேற்று நான் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுப் புது நட்சத்திரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை," என்று தன் தலையில் தட்டிச் சிரித்தார்.

நான் நிமிர்ந்தேன். அதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இரவு குப்பை வாளியை வாசலில் வைக்கப் போனபோது வானம் துப்புரவாக இருந்தது. பழக்கத்தில் பாய்மரத்தைப் பார்த்தேன். என் கண்ணுக்கு முன்னால் அது நின்றது. நான் காணவில்லை. வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

"பெரியப்பா பாத்திருப்பார்," என்றாய் நீ, சுமதி. "அப்பா, அவருக்கு எழுதுங்கோ."

பேராசிரியரும் அதையேதான் சொன்னார். "கிழக்கே இருக்கிறவர்களுக்கு எங்களுக்கு முன்னம் அந்தி வரும். அது கூடிக்கொண்டு வந்த நேரத்தில் பார்த்த கண் எனக்கு வேண்டும். அவருடைய நூல் வந்தால் உடனே கொண்டுவாருங்கள்."

பன்னிரண்டு நாளில் வந்தது. வேலைக்கு வெளிக்கிட்ட நேரத்தில் தபால்காரர் தந்தார். பஸ்ஸில் இருந்து உடைத்தேன். நான்கு நூல், ஒவ்வொன்றின் நுனியிலும் கிழமைப் பெயர் எழுதிய சின்னச் சீட்டு. புதியதுக்கு மட்டும் இரட்டை முடிச்சு. வெள்ளிக்கிழமை நூலில் அது ஏழாவது முடிச்சுக்குப் பிறகு. சனிக்கிழமை பாய்மர உச்சிக்கு அடுத்ததாக, ஐந்தாவது முடிச்சுக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை ஆறாவதுக்குப் பிறகு. திங்கட்கிழமை எல்லாவற்றுக்கும் கடைசியில். ஏறி, நின்று, இறங்கிய கதை முழுவதும் விரலால் தடவிப் பார்க்கக்கூடியதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மங்கிப் போயிருக்க வேண்டும், நூல் இல்லை. கடிதம் இரண்டே வரி:

"தம்பி, நீயும் கண்டிருப்பாய். துரைக்குக் குடு."

நீயும் கண்டிருப்பாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் குத்திக் காட்டியிருந்தால் கொடுத்திருப்பேன். எழுத்தைப் படித்த தம்பி கட்டாயம் கண்டிருப்பான் என்று நம்பி எழுதியிருந்தார்.

கட்டட வாசலில் பேராசிரியர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கடிதம் வந்ததா?"

உறை கோட்டுப் பைக்குள் இருந்தது. என் கை அதன் மேல் இருந்தது.

"இல்லை சேர். இன்னும் வரவில்லை."

அடுத்த கிழமையும் கேட்டார். அதற்கடுத்த கிழமையும் கேட்டார். பிறகு, "பாவம், அங்கே முகில் மூடியிருக்கும்," என்று தானே சொல்லி விட்டுவிட்டார். அந்த மாதம் எங்கள் கரையில் மழையில்லாமல் தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று. முகில் ஒன்றும் மூடியிருக்காது. அது எனக்குத் தெரியும்.

6

அண்ணைக்கு எழுதினேன்: "கொடுத்தேன். வேறு ஆட்கள் உங்களுக்கு முந்தியே கண்டுவிட்டார்களாம். இனித் தேவையில்லை என்று சொன்னார்." அந்த "இனித் தேவையில்லை" யாரும் கேட்காமல் நான் சேர்த்தது.

"சரி தம்பி. பாத்தது பாத்ததுதானே. துரையைக் கரைச்சல்படுத்தாதை," என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நூலும் வரவில்லை. ஏன் நின்றுவிட்டது என்று பேராசிரியர் கேட்க, கடல் வேலை கூடிவிட்டது என்றேன். அவர் வேலையிலிருந்து இளைப்பாறித் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போன பிறகும், வருடக் கடைசியில் வாழ்த்து மட்டை வரும்போது ஒரு வரி இருக்கும். வல்வெட்டித்துறைச் சக ஆய்வாளர் சுகமா? வாசித்துவிட்டு மட்டையை உங்களுக்குத் தருவேன். நீங்கள் படத்தை வெட்டி எடுப்பீர்கள்.

நான் நினைத்தது என்னவென்றால், நூல் வராமல் விட்டால் வீட்டில் நான் ஒரு சுற்றுப் பெரியவனாவேன் என்று. ஆகவில்லை. நீங்கள் வளர வளர நட்சத்திரத்தையும் விட்டீர்கள், பெரியப்பாவையும் விட்டீர்கள். ரவிக்கு இப்போது காற்பந்து. சுமதி ஊரிலிருந்து கடிதம் வந்தால் முத்திரை வடிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறாள். ஒரு காலத்தில் "பெரியப்பா என்ன முடிஞ்சிருக்கிறார்?" என்று தபால்காரரை வாசலில் மறித்த பிள்ளை. அந்த வழியை அடைத்தது இந்த நாடு என்று எத்தனை பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன்! அடைத்தது நான்.

போன மாதம் வந்த கடிதம் அண்ணையின் எழுத்து இல்லை. அவருடைய மனைவி, என் மச்சாள், எழுதியிருந்தா. "அவருக்குக் கண்ணிலை பூ விழுந்திட்டுது. ஆசுப்பத்திரியிலை வெட்டலாமெண்டு சொல்லீனம், இவர் பிந்திப் பிந்திப் போடுறார். பின்னேரத்திலை வழமை போலை கரைக்குப் போறவர். சோதி நட்சத்திரம் மட்டும் புகையாத் தெரியுதாம். மற்றதெல்லாம் போச்சாம். தம்பியின்ரை கண் சுகமோ எண்டு கேக்கச் சொன்னவர்."

அதை வாசித்த நாளிலிருந்து அந்தத் தகரத்தைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. சுமதிதான் திறந்தாள்.

இன்று காலை அண்ணைக்கு உண்மையை எழுதி, அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்யச் சொல்லியும் எழுதினேன். கடுமையாக இருந்தது. ஏனென்றால் அவரால் இப்போது வாசிக்க முடியாது. நான் செய்ததை மச்சாள் சத்தமாக வாசிக்க, அவர் பக்கத்தில் இருந்து கேட்பார். இடையில் அவ நிற்பா. "வாசி," என்பார். அந்த ஒரு சொல்லை அவர் எப்படிச் சொல்வார் என்று எனக்கு இங்கே இருந்தே கேட்கிறது.

சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கடதாசியை என்ன செய்வது என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள். நானாகக் கழற்றினால் அதுவும் ஒரு நடிப்பாகத்தான் இருக்கும்.

7

நீங்கள் பள்ளிக்கூடம் போய், அம்மா வேலைக்குப் போன பிறகு, குசினி மேசையில் நூல்களை எடுத்து வைத்தேன். ஏழு வருடத்தில் முடிச்சு ஒன்றும் தளரவில்லை. ஒவ்வொன்றையும் வேறு வேறு கடதாசியில் சுற்றி, எந்தக் கிழமை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எந்த முடிச்சு எந்த நட்சத்திரம் என்று ஒரு தாளில் எழுதினேன். இவ்வளவு நாள் என்னிடம் கிடந்ததற்குக் காரணமும் எழுதினேன். நான்கு வரிதான். பிழை பார்க்க ஒருவரையும் கேட்கவில்லை.

உறையின் முன்பக்கத்தில் பேராசிரியரின் விலாசம். பின்பக்கத்தில் அனுப்புகிறவர் பெயர் எழுதவேண்டும். அண்ணையின் பெயரை, கதிரவேல், வல்வெட்டித்துறை, இலங்கை என்று எழுதினேன். அதற்கு அடியில் என் பெயரையும் இந்த வீட்டு விலாசத்தையும் போட்டால் பதில் இங்கே கெதியாக வரும். நான் வாசித்து, மொழிபெயர்த்து, அண்ணைக்கு எழுதலாம். பேனை அந்த இடத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

அதற்கு அடியில் ஒன்றும் எழுதாமல், அண்ணையின் பெயரில் மை காயும்வரை ஊதினேன். பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தெருமுனையில் இருக்கிற சிவப்புப் பெட்டிவரை நடந்துபோய், உறையை உள்ளே விட்டேன்.